உன் கண்ணாடியில் என் பாதம்

செல்லத்தாயி, என் ராசாத்தி,

நீ போய் வருசம் இரண்டாகப் போகிறது. நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத்தம் சோதித்துப் பார்த்தேன். எனக்கும் சர்க்கரையாம். உனக்குக் கூட்டாளி ஆகிவிட்டேன், சிரித்துக்கொள். வெள்ளை அணுவும் கொஞ்சம் கூடியிருக்கிறதாம்.

அதைக் கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. உனக்கும் இதே டாக்டர்தானே சொன்னார்? "வெள்ளை அணு ரொம்பக் கூடிருக்கும்மா. உடம்பு எங்கயோ கிருமியோட மல்லுக்கட்டுது. சர்க்கரை இருந்தா கால்ல புண் வந்தாலும் வலி தெரியாது. பாதத்தைக் காட்டுங்க." நீ சேலையை இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்லங்கய்யா" என்று எழுந்துவிட்டாய். சரி, வீட்டுக்காரரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்று அனுப்பினார்.

ராஜபாளையம் வந்து, வீட்டில் நான் பாதத்தைப் பார்க்கக் குனிந்தால் எனக்கும் அதே பதில்தான். "கட்டுன புருசன் எங்காலப் பிடிக்கவா? எம்புட்டுப் பாவம்! வலிக்கவே இல்ல, விடுங்க." நான் தறியில் ஓட்டுவதே பேண்டேஜ் துணி. ஊரார் புண்ணுக்கெல்லாம் துணி நெய்கிறவனுக்குத் தன் பெண்டாட்டி புண்ணைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வாடை வந்த பிறகுதான் காட்டினாய். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. அப்படி என்னடி பாவம்? எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நேற்று டாக்டர் என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புண் இல்ல. சர்க்கரைக்காரங்க சில பேருக்குப் புண் இல்லாமலே உள்ளுக்குள்ள லேசா அழற்சி இருக்கும், அணு கூடும். ஆனா தெனமும் பாதத்தைப் பாக்கணும். வீட்டுல யாரு இருக்கா?" என்றார். "இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

யார் இருக்கிறார்கள்? மகன் திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் போனில் பேசுவதோடு சரி. அந்த வீட்டு பாத்திமா அக்கா குழம்பு கொடுத்தனுப்புகிறார்கள். அவர்களிடம் போய்க் காலை நீட்ட முடியுமா? எனக்கோ முதுகு வளைய மாட்டேன் என்கிறது. மனசுவிட்டுப் பேசி எத்தனை நாளாயிற்று என்றே தெரியவில்லை.

இன்று காலை குளித்துவிட்டு, நீ பொட்டு வைக்கும் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தேன். ஓரத்தில் உன் ஸ்டிக்கர் பொட்டு அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே காலைத் தூக்க எனக்கு மனசே வரவில்லை. உன் முகம் பார்த்த கண்ணாடி அல்லவா? பிறகு தூக்கிப் பார்த்தேன். வெடிப்பு இருக்கிறது, புண் இல்லை.

இனி தினமும் காலையில் பார்ப்பேன், இது உன்மேல் சத்தியம். நீயும் கூட இருந்து பார். பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் கோபக்கார வீட்டுக்காரன்