உறையாத தட்டு

தை 3, ராத்திரி

பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இப்படிச் செய்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. நேற்று மருமகனின் தட்டில் ஒரு கை உப்பைக் கலந்துவிட்டேன்.

பொங்கல் முடிந்ததும் எங்கள் வீட்டில் பனிமிட்டாய் வைப்போம். ஆளுக்கொரு தட்டில் வெல்லத் தண்ணீரை ஊற்றிப் பூண்டுக் காட்டில் வைத்தால், எங்கள் கூக்கால் மலைக் குளிருக்கு விடிவதற்குள் உறைந்துவிடும். பொய் சொன்னவர் தட்டு மட்டும் உறையாது என்று பிள்ளைகளை மிரட்டுவேன். மகள் செல்வி சின்ன வயதில் அதற்குப் பயந்தே, திருடித் தின்ற பேரிக்காயை எல்லாம் ஒப்புக்கொள்வாள்.

தலைப்பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளையையும் சீண்டிப் பார்க்கலாம் என்றுதான் உப்பைப் போட்டேன்; உப்புக் கலந்த தண்ணீர் லேசில் உறையாது. காலையில் மற்ற தட்டுகள் கண்ணாடி மாதிரி இருந்தன. அவருடையது மட்டும் தளும்பியது.

"என்ன மாப்ளே, எங்க புள்ளகிட்ட என்ன பொய் சொன்னீங்க?" என்று சிரித்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "வேலைய விட்டு ரெண்டு மாசமாச்சு அத்தை. சோலிக்குப் போறேன்னு சொல்லிட்டு தெனமும் பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்திருக்கேன்."

செல்வியின் கையிலிருந்த மிட்டாய் உருகி ஒழுகியது.

"அப்ப, இந்தத் தட்டு ஒறஞ்சிருந்தா சொல்லியிருக்கவே மாட்டீங்கள்ல?" என்று கேட்டாள்.

அவர் தட்டை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். இரண்டு பேரும் அதற்கப்புறம் பேசிக்கொள்ளவில்லை. உப்பு விஷயம் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் வெல்லம் வீணாகக் கூடாதென்று அந்தத் தண்ணீரிலேயே காப்பி போட்டுவிட்டார். ஒரு வாய் குடித்ததும், உப்புக் கரிக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.