வள்ளத்தின் நிறம்

சுன்னாகம், 9 சனவரி 1991
இன்று பதினொரு கடிதங்கள். எல்லாம் வெளிநாட்டிலிருந்து, எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: என் வீட்டார் எங்கே? சண்டைக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு ஓடி வந்து ஏழு மாதமாகிறது. மீனவர் சங்கத்தில் பதிவெழுதும் கிளாக்காக இருந்த நான் கையோடு தூக்கி வந்த அங்கத்தவர் பதிவேடுதான் இப்போது ஊரின் விலாசப் புத்தகம். யார் எந்தப் பள்ளிக்கூட அகதி முகாமில், எந்த உறவினர் வீட்டில் என்று எழுதி வைக்கிறேன்.

10 சனவரி
விலாசத்தைக் கேட்டவுடன் கொடுப்பதில்லை. போன கார்த்திகையில் ஞானாம்பிகையிடம் மகன் எழுதியிருக்கிறான் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அது அதே பெயருள்ள வேறொருவன். மனுசி மூன்று நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு சட்டம் போட்டேன்: ஒவ்வொரு குடும்பமும் ஒரு கேள்வியும் பதிலும் தரவேண்டும். எழுதியவரின் பதில் பொருந்தினால்தான் விலாசம் போகும். அதுவரை வீட்டாரிடமும் மூச்சு விடமாட்டேன்.

பெர்னடெட் அக்கா தந்த கேள்வி: எங்கடை வள்ளம் என்ன நிறம்? பதில்: பச்சை. ஜெர்மனியிலிருந்து பெர்னடெட்டின் மகன் அடைக்கலநாதன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாய் பெர்னடெட், மகன் அடைக்கலநாதன் என்று எங்கள் ஊரில் இரண்டு குடும்பம். கேள்வியை அனுப்பினேன்.

4 ஏப்ரல்
பதில் வந்தது. "நீலம்."
இவர் வேறு ஆள். மன்னிக்கவும் என்று எழுதித் தபாலில் போட்டேன். பின்னேரம் அக்கா வழக்கம்போல வந்து ஏதும் வந்ததோ என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் இல்லைத்தானே?

2 மே
நான் ஒரு மடைச்சி.
அக்கா யன்னலில் சாய்ந்து நின்று அதில் உரிந்திருந்த பச்சைப் பெயின்றை நகத்தால் சுரண்டினார். "உந்தப் பச்சைதான் பிள்ளை எங்கடை வள்ளத்துக்கும். அவன் இருக்கேக்கை நீலம். போன பிறகு மாத்தினனான்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது. அக்கா ஏசவில்லை. கதிரையில் இருந்து, "உயிரோடை இருக்கிறானே?" என்று மூன்று தரம் கேட்டார். ஓம் அக்கா, ஓம் அக்கா என்று அழுதது நான்தான்.

உடனே வள்ளம் நிறம் மாறிய கதையையும் எழுதி, விலாசத்தோடு புதுக் கடிதம். நாளை கொழும்புக்குப் போகும் பஞ்சலிங்கம் மாஸ்டர் அங்கே தபாலில் போடுவார். அந்த மன்னிப்புக் கடிதத்தைப் பார்த்துவிட்டு அவன் மனம் விட்டிருந்தால்? வேறு நாட்டுக்குப் போயிருந்தால்?

19 மே
ஒன்றுமில்லை.

3 யூன்
இல்லை. இனி எல்லோரிடமும் "ஆள் போகமுன் எப்படி இருந்தது?" என்றுதான் கேட்கிறேன். காலம் கடந்த புத்தி.

27 யூன்
வந்துவிட்டது! அப்பாடா. கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்கா இருக்கும் வகுப்பறைக்கு ஓடினேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். சுகம், வேலை, குளிர். கடைசியில் ஒரு வரி: "போகமுன் நான் அடிச்ச நீலத்தை ஏன் அம்மா மாத்தினீங்கள்?"

அக்கா கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "வெயிலுக்கு உரிஞ்சு போச்செண்டு எழுது பிள்ளை" என்றார். நான் பேனையை எடுக்கவில்லை.
"கரைக்குப் போனா அந்த நீலம்தான் முன்னுக்கு நிக்கும். அவனில்லாமல் அதைப் பாக்கேலாமல் கிடந்தது" என்றார் அக்கா.

28 யூன்
பதில் போய்விட்டது. வெயில் என்று நான் எழுதவில்லை.