கடைசி வண்டிக்கு மஞ்சள் விளக்கு

பிரிக்பீல்ட்ஸ்,
9 மார்ச் 2025

அன்பு ஷாமினிக்கு,

நலமா? கால் எப்படி இருக்கிறது? கைப்பேசியில் என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறாய். தபால்காரரை அடைக்க வழியில்லை என்பதால் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு முதல் முறையாக உனக்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோழி கிண்டியது போல இருந்தால் திட்டிக்கொண்டே படி.

நான் ஏதோ இருக்கிறேன். டயாலிசிஸ் சென்டரில் இரண்டு தாதிகள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் பங்கும் இப்போது என் தலையில். வீட்டுக்கு வந்தால் காலணியைக் கழற்றுவதற்கே தனியாகத் தெம்பு வேண்டியிருக்கிறது. போன ஞாயிறு சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே தூங்கிவிட்டேன். பாஸ்டர் நல்லவர், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

எழுதுவதற்குக் காரணம் வாசு அண்ணன். சுங்கை பூலோ பட்டறையிலிருந்து கூப்பிட்டார். மே மாதக் கடைசியில் பள்ளி விடுமுறை விடுகிறார்களாம், மறுபடியும் கோப்பெங் மலைப்பக்கம் போகலாம் என்கிறார். அதே ஆறு, அதே ராஃப்ட் படகு, கூடாரம் போடவும் அதே மணல் திட்டு. "ஷாமினி இல்லாம என்னம்மா ட்ரிப்பு? நீ கேட்டுப் பாரு லா" என்றார். அவரும் லோகேஸ்வரி அக்காவும் ஒரு மோட்டார் சைக்கிள், என் தம்பி கால்வின் ஒரு வண்டி, நான் ஒன்று. நீ வந்தால்தான் நான்கு.

முதல் வருடம் ராஃப்டிலிருந்து நீ விழுந்தது நினைவிருக்கிறதா? "எழுந்து நிக்காதீங்க, மல்லாந்து காலை முன்னால நீட்டுங்க" என்று கைடு கத்தக் கத்த, நீ மல்லாந்தபடியே மூன்று மொழியிலும் அவனை வைதுகொண்டு மிதந்து போனாய். அன்று சாயங்காலம் காலில் ஒட்டிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மெகி மீ தின்றோம். நமக்கு நாற்பத்தாறு வயதாகிறது. வருடத்தில் அந்த மூன்று நாள்தான் நீயும் நானும் யாருக்கும் எதுவும் செய்யாமல் இருக்கிறோம்.

போன வருடம் நடந்ததை நான் மறக்கவில்லை. நம் வண்டிகளுக்கு இருப்பது ஒரே சட்டம். சாலை பிரியும் சிம்பாங்கில் நின்று, பின்னால் வரும் வண்டியின் விளக்கைக் கண்ணாடியில் பார்த்த பிறகே திரும்ப வேண்டும். ஆற்றுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு விளக்கைப் பார்த்தேன், உன்னுடையது என்று நினைத்துப் போய்விட்டேன். நல்ல மழை. ஆஸ்பத்திரியிலேயே சொன்னேனே. வேண்டுமென்றா செய்தேன்? அதற்கு ஒன்பது மாதமா பேசாமல் இருப்பது?

ஒரு வரியாவது எழுது.

உன்
ஜானிஸ்

*

பண்டமாரான், கிள்ளான்,
22 மார்ச் 2025

ஜானிஸுக்கு,

கடிதம் வந்தது. கோழி இதைவிட ஒழுங்காகக் கிண்டும்.

கால் இருக்கிறது. உள்ளே இரண்டு தகடு, ஒன்பது திருகாணி. அலுவலகம் துறைமுகச் சாலையில் இன்னும் அதே இரண்டாவது மாடியில்தான், லிஃப்ட் இன்னும் அதே பழுதுதான். படியேறி நாற்காலியில் உட்கார்ந்ததும், மாலையில் இதையெல்லாம் இறங்க வேண்டுமே என்று நினைத்துக்கொள்வேன். அதோடு அன்றைய நாள் முடிந்துவிடும். தம்பி பிரவின் கேட்டரிங் வேனில் கொண்டுவந்து விட்டு, கூட்டிப்போகிறான். சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நானும் ஓர் அண்டா.

கோபம் என்று நினைக்காதே. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கண்ணாடியில் நீ பார்த்த விளக்கு என்ன நிறம்?

கடைசி வண்டியை மழையிலும் அடையாளம் தெரிய வேண்டும் என்று என் முகப்பு விளக்கில் மஞ்சள் கண்ணாடித் தாளை ஒட்டியது நீ. தஞ்சோங் மாலிமில், நாம் வழக்கமாகப் பசியாறும் பாவ் கடை வாசலில், அன்று காலை உன் கையால் ஒட்டினாய். ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாய். சாலையில் மற்ற எல்லாருடையதும் வெள்ளை.

பதில் எழுதினால் எழுது. இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை.

ஷாமினி

*

பிரிக்பீல்ட்ஸ்,
30 மார்ச் 2025

அன்பு ஷாமினி,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நான்காவது. இதையும் கிழிப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நிறம் எதுவும் இல்லை. விளக்கே இல்லை. நான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

முந்தின நாள் இரண்டு ஷிப்ட் சேர்த்து வேலை பார்த்துவிட்டு வந்தேன். அதை உங்கள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வாசு அண்ணன் வண்டியைத் தொட விடமாட்டார். பீடோர் தாண்டியதும் மழை சட்டைக் கழுத்து வழியாக இறங்கியது. போய்ச் சேர்ந்தால் போதும், படுத்தால் போதும் என்பதைத் தவிர மண்டையில் ஒன்றும் இல்லை. சிம்பாங்கில் ஒரு நிமிடம் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் எனக்கே நன்றாக இருந்திருக்கும்.

அது கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் என்னைத் தின்கிறது. கூடாரம் போடும்போது வாசு அண்ணன், "ஷாமினி எங்கம்மா?" என்று கேட்டார். "சிம்பாங்ல லைட் பார்த்தேன் அண்ணே, பின்னாலதான் வந்தா" என்றேன். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. அதனால் எல்லோரும் சிம்பாங்குக்கு உள்பக்கம்தான் தேடினார்கள். ஆற்றோரம் முழுக்க, இரண்டு கரையிலும். நானும் தண்ணீரைப் பார்த்து உன் பெயரைக் கத்திக்கொண்டு நடந்தேன். பார்க்கவில்லை அண்ணே என்று சொல்ல ஒவ்வொரு நிமிடமும் வாயெடுத்தேன். நிமிடங்கள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

நீயோ சிம்பாங்குக்கு வெளியே, வண்டி சறுக்கிப் பெரிய சாலையோரக் கால்வாயில் கிடந்தாய். ஒரு மணி நாற்பது நிமிடம். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் உன்னைத் தூக்கியிருப்பார்கள். கடைசியில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்தான் உன்னைப் பார்த்தார்.

நேற்று சுங்கை பூலோவுக்கு நேரில் போய் வாசு அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்பவே சொல்லியிருக்கணும்மா" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார், குடிக்க முடியவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு, ஷாமினி.

ஜானிஸ்

*

பண்டமாரான், கிள்ளான்,
20 ஏப்ரல் 2025

ஜானிஸுக்கு,

உடனே எழுத முடியவில்லை. புத்தாண்டுக்குக் கூடப் பலகாரம் எதுவும் செய்யவில்லை, பிரவினின் கேட்டரிங்கில் மிஞ்சிய கேசரியை வைத்துச் சாமி கும்பிட்டோம்.

எனக்குத் தெரியும்.

கால்வாயில் கிடந்தாலும் தலை புல்லுக்கு மேலேதான் இருந்தது. சாலை நேராகத் தெரிந்தது. உன் பின்விளக்கும் தெரிந்தது. சிம்பாங்கில் பிரேக் விளக்கு ஒரு தடவை எரிந்து, நான் ஒன்று என்று எண்ணுவதற்குள் அணைந்துவிட்டது. திரும்பிப் போய்விட்டாய். அதற்கு முன்பு நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஜானிஸ் நிற்பாள், பார்ப்பாள், நான் எதற்குத் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "வேற லைட்ட பார்த்து ஏமாந்துட்டேன்டி" என்று அழுதாய். எல்லோரும் உன்னைத் தேற்றினார்கள். வலிக்கு ஊசி போட்ட மயக்கத்தில் நானும் உன்னைத் தேற்றினேன். கால் எத்தனையோ தேறிவிட்டது, உன்னைத் தேற்றிய அந்த அசதி மட்டும் இன்னும் போகவில்லை.

நீயாகவே சொல்வாய் என்று பார்த்தேன். உன் எண்ணை அடைத்ததும் அதனால்தான். கைப்பேசியில் என்றால் நான்கு சிரிக்கும் முகங்களை அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்வாய். உன்னை எனக்குத் தெரியாதா?

சொல்லிவிட்டாய். சந்தோஷம் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. நல்லது என்று எழுதுகிறேன்.

கோப்பெங் விஷயம். என் இடது காலால் இனி கியர் போட முடியாது. வந்தால் பிரவினின் வேனில், கூடாரம் சட்டிபானை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருவேன். எல்லோருக்கும் பின்னால், வழக்கம்போலக் கடைசி வண்டியாகத்தான் வருவேன். ஆனால் வருவேனா என்று எனக்கே தெரியாது. கேட்டு எழுதாதே. கால்வினை விட்டுக் கேட்கவும் சொல்லாதே. அன்று காலை மனம் இருந்தால் கிளம்புவேன்.

ஷாமினி

*

கோப்பெங், சிம்பாங்,
31 மே 2025, காலை மணி 10.20

அன்பு ஷாமினி,

தாள் கொண்டுவரவில்லை. ராஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவத்தில் உனக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தேன், அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறார்கள் தெரியுமா? ஆபத்து உண்டு என்று தெரிந்தே வருகிறேன், எனக்கு என்ன நடந்தாலும் யாரையும் குறை சொல்லமாட்டேன் என்று. பெயர் எழுதும் கோடு காலியாக இருக்கிறது.

மற்றவர்கள் போய்விட்டார்கள். வாசு அண்ணன் திரும்பி வந்து, "வாம்மா, ராஃப்டு பதினோரு மணிக்கு. அவ வரமாட்டா லா" என்றார். "கடைசி வண்டி இன்னும் வரல அண்ணே, நீங்க போங்க" என்றேன். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

10.50. முனையில் ஒரு மலாய்க்காரம்மா டுரியான் கடை போட்டிருக்கிறார். யாருக்குக் காத்திருக்கிறாய் என்றார். சிநேகிதிக்கு என்றேன். சண்டையா என்றார். எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ.

11.05. மஞ்சள் விளக்கு ஒன்று வந்தது. எழுந்தே நின்றுவிட்டேன். சாலை வேலைக்காரர்களின் லோரி.

11.30. மழை பிடித்துக்கொண்டது. டுரியான் அம்மா கூடாரத்துக்குள் கூப்பிடுகிறார். அங்கிருந்தால் கண்ணாடி தெரியாது. மழைச் சட்டைக்குள் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கரைகிறது.

12.00. ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. நான் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு காலும் சரியாக இருக்கின்றன, குடிக்கத் தண்ணீர் இருக்கிறது, பேசவும் ஆள் இருக்கிறது. அப்படியும் இது முடியவே முடியாது போல இருக்கிறது. நீ எப்படியடி கிடந்தாய்? தெரியும் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

எழுத இடம் தீர்ந்துவிட்டது. நான் போகவில்லை, இங்கேதான் நிற்கிறேன்.

ஜானிஸ்

*

பண்டமாரான், கிள்ளான்,
8 ஜூன் 2025

அன்பு ஜானிஸுக்கு,

படிவம் வந்து சேர்ந்தது. பாதி மழையில் கரைந்துவிட்டது. படிக்க முடிந்த வரைக்கும் போதும்.

நான் வரவில்லை என்றுதான் நினைத்திருப்பாய். வந்தேன். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். வேனின் இரண்டு முன்விளக்கிலும் மஞ்சள் தாளை முந்தின நாளே ஒட்டிவிட்டேன். "என்னக்கா இது, தேர் மாதிரி" என்று பிரவின் சிரித்தான்.

தஞ்சோங் மாலிமில் உங்களைப் பார்த்தேன். பாவ் கடை வாசலில் மூன்று வண்டிகள். நீ மெலிந்துவிட்டாய். ஒரு பாவைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். இறங்கலாம் என்று கதவில் கை வைத்தேன், இறங்கவில்லை. நீங்கள் கிளம்பியதும் எட்டவே பின்னால் வந்தோம்.

தாப்பா வரை வந்தோம். அங்கே பிரவினிடம் திருப்பச் சொன்னேன். "ஏன்கா?" என்றான். "கால் வலிக்குதுடா" என்றேன். அது பொய். என் வாயும் யோசிப்பதற்குள் சொல்லிவிட்டது. கால் வலிக்கவே இல்லை. சிம்பாங்குக்கு வந்து, அங்கே நீ இல்லாமல் வெறும் சாலை இருந்தால் என்ன செய்வது என்று பயந்துவிட்டேன். அந்த வெறும் சாலையை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது, ஜானிஸ். நீ நிற்பாய் என்று நான் நம்பவில்லை. எழுதும்போது எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் நீ உண்மையை எழுதிய பிறகு நான் எழுதாமல் இருப்பது நியாயமில்லை.

நேற்று வாசு அண்ணனைக் கூப்பிட்டு, எத்தனை மணி வரை நின்றாள் என்று கேட்டேன். "மூணு மணிக்கு நாங்க ஆத்துல இருந்து ஏறி வந்து பார்த்தோம்மா. அப்பவும் நனைஞ்சுகிட்டு கண்ணாடியத்தான் பார்த்துக்கிட்டு இருந்தா. லோகேஸ்வரிதான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா" என்றார்.

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். பிரவின் பயந்துபோய்க் கஞ்சி வைத்துக் கொடுத்தான்.

மஞ்சள் தாளை அவன் கிழிக்கப் பார்த்தான், விடவில்லை. உன் எண்ணை இன்னும் திறக்கவில்லை. கொஞ்ச நாள் தபாலிலேயே பேசுவோம்.

இத்துடன் அந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கம்தான் கரைந்திருக்கிறது, முன்பக்கத்தில் எல்லாம் தெரிகிறது. காலியாக இருந்த கோட்டில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை. அதை நீ போடு.

உன்
ஷாமினி