உளுந்து கருக வேண்டும்

ஜனவரி 28, 2025
மக்காச்சோளம் அறுத்த வயலில் தட்டை கூட இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் நிலத்துக்காரர் தாமோதர் வந்து, "மகன் கௌதம்ராஜ் உளுந்து போடப் போறான். நீங்க ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கிடுங்க" என்கிறார். ஒன்பது வருடக் குத்தகை. வன்னியம்பட்டியில் யாரும் சீந்தாமல் கிடந்த தரையைத் திருத்தியவள் நான். "சரிங்க" என்றுதான் வாயில் வந்தது.

ஜனவரி 31
அடித்துவிட்டேன். மக்காச்சோளத்துக்கு வருடந்தோறும் அடிக்கும் அதே களைக்கொல்லி, அட்ரசின். சோளத்தை ஒன்றும் செய்யாது, உளுந்தை விடாது. வழக்கமான அளவைப்போல மூன்று மடங்கு கலக்கினேன். என் வீட்டுக்காரர் ஞானதுரை ஸ்பிரேயரைத் தொட மறுத்துவிட்டார். "ஏட்டி, நமக்குச் சோறு போட்ட மண்ணு அது" என்றார். இனி தாமோதர் மகனுக்கல்லவா போடப்போகிறது? நானே முதுகில் மாட்டிக்கொண்டேன். அடித்த மண்ணில் ஒரு வாளி அள்ளிவந்து வீட்டில் உளுந்து ஊன்றியிருக்கிறேன். பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 14
வாளியில் முளைத்தது, இரண்டு இலை விட்டது, ஓரம் மஞ்சளாகிக் கருகிவிட்டது. இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

மார்ச் 9
கௌதம்ராஜ் எருவுக்கு ஆட்டுக்கிடை போட்டு, தண்ணீர் பாய்ச்சி, உழுது, இன்று விதைத்திருக்கிறான். நன்றாகப் பாடுபடட்டும்.

மார்ச் 27
ஒன்றுகூடக் கருகவில்லை. வரப்பில் நின்று பார்த்தேன். வயல் முழுக்கப் பச்சை. வயித்தெரிச்சலா இருக்கு — எம்புட்டு அடிச்சேன், அம்புட்டும் எங்க போச்சு?

மார்ச் 29
ஸ்ரீவில்லிபுத்தூர் பூச்சிமருந்துக்கடை பிரேம்குமாரிடம், வேறு யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன். "வருசா வருசம் அதே மருந்து ஊத்துன மண்ணாக்கா? அப்பம் அங்கன இருக்க கிருமி அதைத் தின்னு பழகியிருக்கும். ஈரமும் எருவும் கெடச்சா சீக்கிரமே தின்னு தீத்துரும். புது மண்ணுலதான் ரொம்ப நாள் கெடக்கும்" என்றான்.

ஒன்பது வருடம் ஊற்றியது யார்? நான் பழக்கிய கிருமி அவனுக்கு உழைக்கிறது. ஆத்திரமாக வருகிறது.

ஏப்ரல் 8
அதே வாளியில் மறுபடி ஊன்றியிருந்தேன். இதுவும் பச்சை. பிடுங்கி எறிந்தேன்.

மே 30
உளுந்தை அள்ளிய கையோடு கௌதம்ராஜ், முன்பு பார்த்துவந்த கோயம்புத்தூர் வேலைக்கே திரும்பிவிட்டான். இன்று தாமோதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "மண்ணை நல்லாத்தான் வச்சிருந்திருக்கம்மா. பழையபடி நீங்களே பாருங்க" என்றார். வீட்டுக்காரர் நாற்காலி எடுக்க ஓடினார்.

உளுந்து கருகியிருந்தால் இந்த மனிதர் வந்திருக்கவே மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் உடனே தலையாட்ட மனம் வரவில்லை.

"யோசிச்சுச் சொல்லுதோம்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒரு வாரம் அலையட்டும். டிராக்டர்க்காரரிடம் மட்டும் உழவுக்குச் சாயங்காலமே சொல்லிவைத்துவிட்டேன்.