மாட்டு வண்டிக்காரர் சோழவரம் வருகிறார்

நெரவி,
காரைக்கால்.
12.1.1986

அன்புள்ள வைத்தியலிங்கம் அண்ணனுக்கு,

தங்கை மங்கையர்க்கரசி வணங்கி எழுதுவது. இங்கே நானும் அல்லியும் அவரும் சுகம். மெட்ராஸில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும். உங்களை விசாரிக்க இன்றைக்கு மனசு வரவில்லை.

மாப்பிள்ளைக்கு என்று நீங்கள் போட்ட கடிதத்தை நான்தான் பிரித்தேன். எட்டு வருஷமாக ஒரு வரி இல்லை, இப்போது நாலு பக்கம்! முன் சக்கரத்தை எஞ்சின் இழுக்கிற வண்டிதான் இனிப் பந்தயத்துக்கு ராஜா என்று பாடம் வேறு நடத்தியிருக்கிறீர்கள். சீமைப் பத்திரிகையில் போட்டிருக்கிறானாம். உங்கள் சிநேகிதர்களும் இப்போது அதையேதான் பேசுகிறார்களாம். அடேயப்பா! மாருதி வந்ததும் எல்லோருக்கும் ஞானம் வந்துவிட்டது.

அல்லிக்குக் காது குத்திய அன்றைக்கு இந்த ஞானம் எங்கே போயிருந்தது? தாய்மாமன் என்று குழந்தையை உங்கள் மடியில்தானே உட்கார வைத்தோம்? வாசலில் அவர் ஆசை ஆசையாகச் சரிசெய்த பழைய பிரெஞ்சுக் கார் நின்றது. அதுவும் முன் சக்கரம் இழுக்கிற வண்டிதான். அதைச் சோழவரம் பந்தயத்தில் ஓட்டப்போகிறேன் என்று அவர் சொன்னதும், கூட வந்த சிநேகிதர்களிடம், “மாடு முன்னாடி இழுத்தா அது மாட்டு வண்டி. எங்க மாப்பிள்ள மாட்டு வண்டியில ரேசுக்குக் கிளம்பிட்டாருங்க” என்றீர்கள். பந்தலே சிரித்தது. காது குத்த வந்த பத்தர்கூடச் சிரித்தார். இவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. மறு வாரம் அந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். இவருக்கு ‘மாட்டு வண்டி சம்பந்தம்’ என்ற பெயர் மட்டும் ஊரில் நின்றுவிட்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் அல்லியையும் மாட்டு வண்டிப் பொண்ணு என்கிறார்கள். பாவி, வயிறு எரிகிறது.

சோழவரம் பந்தயத்துக்கு நீங்கள் ஓட்டப்போகிற மாருதி வளைவில் பேச்சுக் கேட்கவில்லை, மாப்பிள்ளை உடனே வந்து சரிசெய்து தர வேண்டும் என்கிறீர்கள். அவர் படித்துவிட்டு, “பாவம், மச்சான் கேக்குறாரு, போயிட்டு வரட்டுமா?” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போங்க, ஆனா அண்ணன் வண்டிக்கு இல்ல என்று சொல்லிவிட்டேன்.

அங்கே மண்ணடியில் கடை வைத்திருக்கும் நம்ம ஊர் தாவூது அண்ணனும் அதே பந்தயத்துக்கு ஒரு மாருதி தயார் செய்கிறார். ஆறு மாதமாக இவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நானே இங்கே நெரவியில் தாவூது அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பொங்கல் கழித்து உங்கள் மாப்பிள்ளை அவர் ஷெட்டுக்குப் போகிறார். வண்டிக் கதவில் இவர் பெயரை ‘நெரவி திருஞானசம்பந்தம்’ என்று பெரிதாக எழுதப்போகிறார்கள். பந்தயத்துக்கு நானும் அல்லியும் வருகிறோம். அன்றைக்குச் சிரித்த சிநேகிதர்களில் ஒருவரையும் விடாமல் கூட்டி வாருங்கள். அவர்கள் நடுவில் உங்கள் முகம் தொங்குவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் இருபது வருஷம் பின் சக்கரம் தள்ளுகிற ஃபியட் ஓட்டிப் பழகியவர். வளைவில் பின்பக்கம் வீசினால் பதறிப்போய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பீர்கள். இந்த வண்டியில் அப்படி எடுத்தால்தான் சுற்றிக்கொண்டு போய்க் கவிழுமாம். காலை எடுக்காமல் மெதுவாக அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டுமாம். அவர் சாப்பிடும்போது நேற்று இதையே சொல்லிக்கொண்டிருந்தார். இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் தோற்க வேண்டும், அண்ணா. தோற்றுவிட்டு, கை கால் முழுசாகக் காரை விட்டு இறங்கி, என் எதிரே நடந்து வர வேண்டும். மாரியம்மனிடம் இரண்டையும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
மங்கையர்க்கரசி