சத்தமில்லாத பிரசவம்

மே 12, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். பிரசவ அறை ஏ.சி. மறுபடி மக்கர். மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

வேப்பனப்பள்ளி மஞ்சுளா, மாமியாரோடு. இரண்டாவது கர்ப்பம், ஒன்பதாம் மாதம். பி.பி. நார்மல். குழந்தையின் தலை கீழே. எல்லாம் சரி. ஆனால் உட்கார்ந்ததும், "ஆபரேஷனே பண்ணிடுங்க மேடம்."

முதல் பிரசவம் வேறெங்கோ. வலியில் கத்தியதற்குத் தொடையில் அடித்திருக்கிறார்கள். "கண்ணத் தொறந்தா ஒரே லைட்டு. சுத்தி எல்லாரும் கத்துறாங்க. செத்துட்டேன்னே நெனச்சேன்."

நான் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை எழுதிய பிரெஞ்சு டாக்டரைப் பற்றிச் சொன்னேன். ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்தவர். பிறக்கிற குழந்தைக்கும் வலிக்குமே என்று யோசித்தவர். விளக்கைக் குறை, கத்தாதே, தலைகீழாகப் பிடித்துத் தட்டாதே, தாயின் வயிற்றில் படுக்க வை. அவர் பிறந்தபோது அவருடைய அம்மாவையே அமுக்கிப் பிடித்திருந்தார்களாம்.

"வெள்ளக்காரங்க ஊர்லயும் அப்பிடித்தானா?" முதல்முறையாகச் சிரித்தாள்.

உனக்கும் அப்படியே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது பயம் எனக்கு.

மே 14, புதன்

ஏ.சி. சரியானது. கறிவேப்பிலை வாங்க மறந்தேன்.

நர்ஸ் ஸ்டெல்லாவுக்கு இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை. "இருட்டுல கத்தரிக்கோல எங்க டாக்டர் தேடுறது?" நியாயம். ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு. குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் கருவிகள் பக்கத்திலேயே. குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறினால் எல்லா விளக்கும் எரியும். அந்தப் பிரெஞ்சு டாக்டர் குழந்தையை வெதுவெதுப்பான நீரில் மிதக்க விடுவார். அது மட்டும் வேண்டாம், குளிர்ந்துவிடும்.

சக டாக்டர்கள் அவரைக் கேலி செய்தார்களாம். கடைசியில் மருத்துவர் பட்டியலிலிருந்து தன் பெயரைத் தானே எடுத்துக்கொண்டார். நம் நாட்டுக்கு வந்தபோது, ஒரு தாய் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்து அசந்து போய், அதையும் புத்தகமாக எழுதினார். அவ்வளவு துணிச்சல் எனக்கு ஏது?

மே 19, திங்கள்

இன்னும் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்.

மதியம் நல்ல மழை. மஞ்சுளா வலியோடு வந்தாள். திரை போட்டோம், விளக்கைக் குறைத்தோம். மாமியாரையும் உள்ளே விட்டேன். மஞ்சுளா முனகினாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒருமுறைகூட ஆபரேஷன் என்று கேட்கவில்லை.

பெண் குழந்தை. வயிற்றின்மேல் படுக்க வைத்தேன். அழவில்லை.

"ஏமைந்தி?" என்ன ஆச்சு என்று மாமியாருக்குத் தெலுங்கில்தான் வந்தது. அப்புறம் தமிழில், "கொயந்த ஏன் அழுவல? தட்டுங்கம்மா!"

ஸ்டெல்லாவின் கை சுவிட்சுக்குப் போனது. தொப்புள்கொடியைத் தொட்டேன்; துடிப்பு நன்றாக இருந்தது. துணியால் முதுகைத் துடைத்துவிட்டேன். ஒரு தும்மல். பூனைக்குட்டி போல ஓர் அழுகை. உடம்பெல்லாம் சிவந்தது. உடனே அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

அப்பாடா.

மஞ்சுளா அழுதாள். "அவ்ளோதானா மேடம்? முடிஞ்சிருச்சா?"

மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "என் உசுரே போயிருச்சு போ."

வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

மே 20, செவ்வாய்

தாயும் சேயும் நலம். பால் குடிக்கிறது. மழை விட்டது.

ஜூஜுவாடியிலிருந்து புதிய கேஸ், கம்பெனியில் வேலை செய்கிற பெண். நான் கை கழுவுவதற்குள் பிரசவ அறையில் விளக்கு குறைந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. உள்ளே ஸ்டெல்லாவின் குரல், ஆஸ்பத்திரியே அதிர:

"யாரும் சத்தம் போடக் கூடாது!"

கூப்பிடுகிறார்கள். போகிறேன்.