முன்னால் நடந்தது

என் வீட்டு அதிகாரிக்கு,

இங்கே நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

முந்தாநாள் ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. கிரேனில் தொங்கிய இரும்புக் குழாய்க் கட்டு காற்றில் ஆடி, என் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போய்ச் சுவரை இடித்துவிட்டது. எனக்குக் கீறல்கூட இல்லை. ஓரமாக நின்று கிரேன்காரருக்குக் கைகாட்டுவதுதான் என் வேலை. நானோ அவசரத்தில், கயிற்றைப் பிடித்து மாட்டை இழுத்து வருவதுபோல் கட்டுக்கு முன்னால் நடந்துவிட்டேன்.

நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். மேஸ்திரி காதோடு சொன்னார்: “‘கைடு’ பண்ணேன்னு எழுதுப்பா. அது ஓரமா நின்னு வழிகாட்டுறது. ‘லீட்’னு எழுதினா நீ முன்னால நடந்தேன்னு ஆயிடும். வேலைக்கே வேட்டு.”

“அப்போ கிரேன்காரர்?”

“தப்பு அவர் தலையில விழும். உனக்கென்ன?”

அந்த மனிதர் என் கையை நம்பித்தானே கட்டை நகர்த்தினார்? ‘லீட்’ என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளைக் காலை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போனில் பேசும்போது பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாதே, அந்தச் சத்தமும் கேட்கட்டும். வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். பீரோவில் இருக்கும் என் சட்டைகளை உன் தம்பிக்குக் கொடுத்துவிடாதே. சீக்கிரமே தேவைப்படலாம்.

உன்
சிக்னல்காரன்